பின்லேடன் மரணம்: மக்கள் எதிர்வினை

அல்-காய்தா தலைவர் ஒசாமா பின்லேடன், பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் 2011 மே 2 அதிகாலை அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ அதிரடி வீரர்களால் கொல்லப்பட்டதை அடுத்துப் பல நாடுகளிலும் எழுந்த மக்கள் எதிர்வினை. கிடைக்கும் பதிவுகளில் பெரும்பகுதி முதல் இரவைப் பற்றியவை. அவையும் அமெரிக்க நகரங்களைப் பற்றியவை.

இதற்கு முந்தைய ஒரு முயற்சிக்கு எழுந்த எதிர்வினை வேறு. 1998 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் பின்லேடனைக் குறிவைத்த அமெரிக்க ஏவுகணைகளுக்கு அவர் தப்பியபோது, அமெரிக்க அதிபர் கிளிண்டன் தம் அந்தரங்க விவகாரத்திலிருந்து கவனத்தைத் திருப்பவே அந்தத் தாக்குதலை நடத்தினார் என்ற பேச்சும் எழுந்தது.

2011இல் பின்லேடன் மரணத்தை அதிபர் ஒபாமா தொலைக்காட்சியில் அறிவித்தது, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மே 1 ஞாயிறு இரவு 11.35 மணிக்கு. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ட்விட்டரில் செய்தி கசிந்துவிட்டது. பிலடெல்பியாவில் பிலீஸ், நியூயார்க் மெட்ஸ் அணிகளின் பேஸ்பால் ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸில் சமநிலையில் இருந்தது. கைப்பேசியில் பார்த்தவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல, “யு.எஸ்.ஏ.” முழக்கம் அரங்கு முழுவதும் பரவியது. களத்தில் நின்றவர்களுக்கு முதலில் காரணம் விளங்கவில்லை. பரம வைரிகளான இரு தரப்பு ரசிகர்களும் ஒன்றாகக் கத்தினர். 

வெள்ளை மாளிகை முன்பு திரண்டவர்களில் பலர் அருகிலிருந்த பல்கலைக்கழகங்களின் மாணவர்கள். அல்-காய்தா தாக்குதலில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரம் தகர்ந்த 2001இல் அவர்கள் பள்ளிச் சிறார்கள். அந்தக் கோபுரங்கள் நின்ற இடத்தில் சிலர் விளக்குக் கம்பங்களில் ஏறிக் கொடியசைத்தனர். கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினர் நடவடிக்கையை ஆதரித்தனர்.

ஒரு சாவைக் கொண்டாடலாமா என்ற சர்ச்சை மறுநாளே தொடங்கியது. எந்த மனிதனின் மரணத்திலும் கிறிஸ்தவர் மகிழ்வதில்லை என்றது வத்திக்கான். மகிழ்ச்சி தெரிவித்த ஜெர்மன் பிரதமர் மெர்க்கெல் மீது ஹாம்பர்க் நீதிபதி ஒருவர் புகாரே கொடுத்தார். இச்சர்ச்சையில் மார்ட்டின் லூதர் கிங் சொன்னதாக இணையத்தில் பரவிய ஒரு வாசகத்தின் முதல் வரி அவருடையதன்று.

பாகிஸ்தானில் பியூ நிறுவனம் எடுத்த கணிப்பில் 55 விழுக்காட்டினர் இம்மரணத்தைத் தீயது என்றும், 14 விழுக்காட்டினர் நல்லது என்றும் கூறினர். கோபம் அமெரிக்கா எல்லை மீறியதாலா, சொந்த ராணுவம் கோட்டைவிட்டதாலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டதும், படங்கள் வெளியிடப்படாததும் ஐயங்களை வளர்த்தன. நடவடிக்கையின்போது விழுந்து நொறுங்கிய அமெரிக்க ஹெலிகாப்டரின் துண்டுகளை உள்ளூர்ச் சிறுவர்கள் பொறுக்கி விற்றதாகச் செய்தியாளர்கள் எழுதினர். பின்லேடனைத் தேட அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. நடத்திய போலித் தடுப்பூசி முகாமே பிற்காலப் போலியோ மருந்து எதிர்ப்புக்குக் காரணம் என்பர் சிலர். எதிர்ப்பு முன்பே இருந்தது என்பர் வேறு சிலர். அவர் தங்கியிருந்த வீடு 2012 பிப்ரவரியில் இடிக்கப்பட்டது.

பிற்காலத்திலும் இத்தகைய மரணங்கள் எதிர்வினையை எழுப்பின. 2019 அக்டோபர் 27 அன்று ஐ.எஸ். பயங்கரவாத இயக்கத் தலைவர் பக்தாதியின் மரணத்தை அறிவித்த அதிபர் டிரம்ப், அன்றிரவே வாஷிங்டன் பேஸ்பால் அரங்கில் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்டார். 2020இல் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் நாடாளுமன்றத்தில் பின்லேடனைத் தியாகி என்று குறிப்பிட்டது கண்டனத்துக்குள்ளானது. பின்லேடனுக்கு அடுத்துத் தலைமையேற்ற ஜவாஹிரி, 2022 ஜூலையில் காபூலில் ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். தங்களுடன் செய்த தோஹா ஒப்பந்தத்தை அமெரிக்கா மீறிவிட்டதாகத் தாலிபான் அரசு கண்டித்தது.