நொக்ஸ் மென்ற மரப்பட்டை

பனி இறங்கினா எங்க லயத்துல முதல்ல கேட்கிறது இருமல் சத்தம். அடுத்தது அம்மிச் சத்தம். மிளகும் வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் நசுங்கி, கொதிச்சு, கோப்பையில வரும். “எச்சில் முழுங்க ஏலாம கிடக்குதா? இதைக் குடி, தொண்டை திறக்கும்” என்பார் அப்பாயி. நாங்க அதை ‘நாட்டு மருந்து’ என்போம். அந்த நாடு எது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டுப் பார்த்தபோது கிடைத்தது ஒரு வெள்ளைக்காரனின் தொண்டைக் கதை. 1660-இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் 19 வருடங்கள் கைதியாக இருந்தார். மாத்தளையும் அந்த இராச்சியத்துக்குள்தான் இருந்தது. 1681-இல் இலண்டனில் வெளியான தன் நூலில், இந்த ஊர்ச் சனங்களுக்குத் தனியாக வைத்தியர் என்று யாரும் இல்லை, காட்டு இலையும் மரப்பட்டையும் கொண்டு தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அவருக்கே ஒருமுறை தொண்டையில் கட்டி வந்து சாப்பாடு இறங்கவில்லை. ‘அமரங்க’ என்று அவர் எழுதிய மரத்தின் பட்டையை மென்று சாற்றை விழுங்க, ஒரு பகல் ஒரு இரவில் சுகமானதாம்.

1679-இல் அவர் தப்பி வந்து சேர்ந்த இடம் அரிப்பு. சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே மன்னார்க் கரையில் இறங்கித்தான் எங்க பாட்டன் பூட்டிமார் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள், கோப்பிக் காட்டில் கூலி வேலைக்கு. மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஆடாதோடை என்று ஊரில் பழகிய வைத்தியம் அவர்களோடு வந்தது. மலையில் இன்னொரு வைத்தியம் ஏற்கெனவே இருந்தது. சிங்களக் கிராமங்களின் ‘பஸ்பங்குவ’ என்ற ஐந்து சரக்குக் கசாயத்தைப் பாருங்கள்: கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்திரி, வெனிவெல்கெட என்கிற மரமஞ்சள். ஐந்துக்கும் தமிழில் பெயர் உண்டு. அரசியல் பிரித்து வைத்த இரண்டு சனம், தொண்டை கட்டினால் ஏறக்குறைய ஒரே கசாயத்தைக் குடிக்கிறது!

ஆனா, இதை வச்சுப் பழம்பெருமை பேச நாங்க தயாரில்லை. நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தார்கள். கசாயம் அவர்களைக் காப்பாற்றவில்லை. தோட்டத் தொழிலாளர் மருத்துவத்துக்கென்று சட்டம் வந்ததே 1872-இல்தான். அதுக்குப் பிறகும் பல லயங்களில் கைமருந்தே முதல் மருந்தாக இருந்ததுக்குக் காரணம் நம்பிக்கை மட்டுமில்லை, ஆஸ்பத்திரி தூரம். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு என்று கொடுக்கப்பட்ட பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததையும் பார்த்தோம். சாதாரண கரகரப்புக்குச் சுடுநீர், உப்புநீர்க் கொப்பளிப்பு, கசாயம் எல்லாம் இதம் தரும். ஆனா சில பக்டீரியாத் தொண்டைப் புண்ணைக் கவனிக்காம விட்டா வாதக் காய்ச்சலாகி இதய வால்வைப் பாதிக்கும். காய்ச்சல் விடாம அடிச்சா, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமா இருந்தா, டொக்டர்தான். நொக்ஸுக்கு வந்த மாதிரிக் கட்டிக்கும் அதேதான்.

அப்போ அப்பாயியின் கோப்பைக்கு என்ன மதிப்பு? பல்லேகமவைப் பாருங்கள். நக்கிள்ஸ் மலையின் கிழக்கு அடிவாரம். களுகங்கை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய லக்கல நகரம் நீருக்குள் போனது. சனங்களுக்கு வேறு இடத்தில் காணி கிடைக்கலாம். ஆனா எந்த ஓடைக்கரையில் எந்தக் கொடி நிற்கும் என்ற அறிவு அந்த ஓடையோடு போய்விடும். எங்க ஆட்களுக்கும் இது புதுசில்லை. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பிறகு ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றப்பட்டவர்களும் தங்கள் வேலியோரத்துக் கற்பூரவள்ளியை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

காகிதத்தில் நாடு இல்லாத காலத்திலும் அப்பாயிமாருக்கு இந்த மண்ணின் இலைகள் தெரிந்திருந்தன. ‘நாட்டு மருந்து’ என்று சொல்ல அவர்களுக்கு அந்த உரிமை போதும். அடுத்த முறை தொண்டை கட்டினா, கசாயத்தைக் குடிச்சிட்டு அதில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்க. நாங்களும் எழுதத் தொடங்கிட்டோம்.