அமீரின் வாசலும் மேசன்களின் கடிதமும்

சென்ற தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பி, "சேர், அவர் பிறீமேசன்தானே?" என்றான். எங்கேயோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். அந்த ஒரு சொல்லோடு அமீரின் கதை முடிந்துவிட்டது என்பது அவனது நினைப்பு. அவனை வாயடைக்கச் செய்திருக்கலாம். ஆனால் கேள்வியில் பிழையில்லை. எனவே வரலாற்றைப் பார்ப்போம்.

1808இல் அல்ஜீரியாவின் மஸ்கரா நகருக்கருகே, காதிரிய்யா தரீக்காக் குடும்பமொன்றில் பிறந்தவர் அமீர். 1832இல் மக்கள் அவரிடம் பைஅத் செய்தார்கள். அதிலிருந்து 15 ஆண்டுகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றார். அந்த யுத்தத்திலும் கைதிகளைத் துன்புறுத்தக் கூடாதென்பது அவரது கட்டளை. கைதியொருவரை விடுவிக்கும்படி அல்ஜியர்ஸ் பிஷப் தூப்புயிஷ் கடிதம் எழுதியபோது, "ஏன் ஒருவரை மட்டும் கேட்கிறீர்? உங்களிடமுள்ள எங்கட ஆட்களையும் சேர்த்துப் பேசலாமே" என்ற கருத்தில் அமீர் பதிலெழுதினார். 1841இல் கைதிப் பரிமாற்றம் நடந்தது.

1847 டிசம்பரில் அமீர் சரணடைந்தார். கிழக்கிலுள்ள முஸ்லிம் பூமிக்கு அனுப்புவதாக வாக்களித்த பிரான்ஸ், அவரைக் குடும்பத்தோடு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் சிறைவைத்தது. அவருடன் போனவர்களில் பலர் அங்கேயே மௌத்தானார்கள். அப்போது அவரை விடுவிக்கும்படி எழுதி வாதாடியவர்களில் அதே பிஷப்பும் ஒருவர். 1852இல் விடுதலையாகி, புர்சாவில் சில காலம் இருந்துவிட்டு, 1855இல் டமஸ்கஸில் குடியேறினார்.

1860 ஜூலையில் டமஸ்கஸின் கிறிஸ்தவர் பகுதி தீப்பற்றி எரிந்தது. அமீர் தம்முடைய அல்ஜீரிய ஆட்களைத் தெருக்களுக்கு அனுப்பினார். அகப்பட்டவர்களையெல்லாம் அழைத்துவந்து வீட்டில் வைத்தார். வீடு நிரம்பியதும் காவலோடு கோட்டைக்கு அனுப்பினார். உயிரோடு ஒரு கிறிஸ்தவரைக் கொண்டுவருபவருக்குப் பணம் கொடுத்தார். தாமே வாசலில் காவலிருந்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரரும் இருந்தார்கள். தம் நாட்டைப் பறித்தவர்களும் அதே வாசலால் உள்ளே வந்தார்கள்.

உலகம் பாராட்டியது. பிரான்ஸ் உயர் விருதொன்றை அளித்தது. அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் ஒரு சோடிக் கைத்துப்பாக்கி அனுப்பினார். ரஷ்யாவில் கைதியாயிருந்த தாகெஸ்தானின் இமாம் ஷாமில் வாழ்த்தி எழுதினார். அந்த வரிசையில்தான் பாரிஸின் நான்காம் ஹென்றி மேசன் சபையின் கடிதமும் வந்தது.

மேசன் சபைகள் அன்று சகோதரத்துவம், பரோபகாரம், மதசகிப்பு என்று பேசின. பிரபஞ்சத்தைப் படைத்த பெருஞ்சிற்பி என்று இறைவனைச் சொல்லின. தங்கள் கொள்கையை அமீரின் செயலில் கண்டதாக எழுதி, அவரையும் அழைத்தார்கள். 1864இல் அலெக்சாந்திரியாவிலுள்ள பிரமிட் சபையில் அவர் சேர்க்கப்பட்டார் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு. அதை மறுக்கும் அல்ஜீரியரும் உண்டு. 1877இல் பிரெஞ்சு மேசன்களின் பெருஞ்சபை, இறைநம்பிக்கை கட்டாயம் என்ற விதியையே நீக்கிவிட்டது. அமீரை ஈர்த்த சபை அதன்பின் அதே சபையாக இருக்கவில்லை.

இங்கே நம்மட ஆட்களுக்கு இரண்டு சுலபமான வழிகள் இருக்கின்றன. "எல்லாம் எதிரிகளின் கட்டுக்கதை" என்று தள்ளிவிடலாம். அல்லது அமீரையே தள்ளிவிடலாம். இரண்டிலும் படிக்கவேண்டிய சிரமம் இல்லை. ஏன் காப்பாற்றினீர் என்பதற்கு அமீரே பதில் எழுதி வைத்திருக்கிறார். ஷரீஅத்தின் கட்டளை, மனிதரின் உரிமை, இந்த இரண்டுக்காகவுமே செய்தேன் என்பது அதன் சாரம்.

மீதிக் காலத்தை ஓதிக்கொடுப்பதிலும் இப்னு அரபியின் நூல்களிலும் கழித்து, 1883இல் டமஸ்கஸில் வபாத்தானார். விருதுகள் அவர் பெயருக்கு வந்தன. எரிகிற தெருக்களில் இறங்கி ஆட்களைக் கூட்டிவந்த அந்த அல்ஜீரியர்களைப் பற்றி யார் பேசுகிறோம்? அவர்கள் காப்பாற்றிய பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்திருக்கும். அவர்கள் விட்டுப்போன சொத்து அதுதான்.

அன்று வகுப்பில் அந்தப் பையனிடம் சோக்கைக் கொடுத்தேன். "ஓம் மகன், சேர்ந்தார் என்றுதான் பலர் எழுதுகிறார்கள். டமஸ்கஸில் காப்பாற்றிய வருசத்தையும் சபையில் சேர்ந்த வருசத்தையும் கரும்பலகையில் எழுது" என்றேன். 1860 என்று எழுதினான். அதன் கீழே 1864 என்று எழுதினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "அப்ப, சேர முதலே செய்திட்டார் சேர்" என்றான்.