காலில் ஆபரேஷன் முடிந்த பெரிய நாய்: வீட்டில் முதல் 8 வாரங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பைக்கில் அடிபட்டோ, மொட்டைமாடியில் இருந்து குதித்தோ கால் எலும்பு முறிந்த நாய்க்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. உள்ளே ஸ்டீல் பிளேட், ஸ்குரூ எல்லாம் வைத்து, கட்டுப் போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "அப்பாடா" என்று வீட்டுக்கு வந்தால், 35 கிலோ நாயை வண்டியில் இருந்து எப்படி இறக்குவது என்ற இடத்திலேயே முதல் சிக்கல் தொடங்கிவிடும்.

நெல்லை மாவட்டத்தில் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்களும் அதிகம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்ம ஊர் வேட்டை நாய்களை வளர்ப்பவர்களும் அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்களில் இருப்பவர்கள் பலரும் இதுபோன்ற ஆபரேஷனுக்கு நம்பிப் போகும் இடங்களில் ஒன்று ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆனால் எங்கே ஆபரேஷன் செய்தாலும், அடுத்த இரண்டு மாதம் நாய் இருக்கப்போவது உங்கள் வீட்டில்தான்.

மூன்றாவது வாரம்தான் ஆபத்து. ஏன்?

முதல் சில நாள் நாய் வலியில் தானாகவே அடங்கிக் கிடக்கும். பிரச்சினை அப்போது இல்லை. இரண்டு, மூன்று வாரம் கழித்து வலி குறைந்து, காலை ஊன்றி நடக்கத் தொடங்கும். வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடப் பார்க்கும். வீட்டில் இருப்பவர்கள் "சரியாயிட்டுல்லா" என்று சங்கிலியை அவிழ்த்துவிடுவார்கள்.

உண்மையில் எலும்பு அப்போது சேர்ந்திருக்காது. முறிந்த இடத்தில் முதலில் உருவாவது குருத்தெலும்பு மாதிரியான மென்மையான ஒரு இணைப்பு மட்டும்தான். அது கெட்டியான எலும்பாக மாற, வளர்ந்த நாய்க்கு பொதுவாக 8 முதல் 12 வாரம் ஆகலாம். குட்டிகளுக்குச் சீக்கிரமே சேரும். அதுவரை நாயின் எடையைத் தாங்குவது அந்த பிளேட்தான். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'பட்'டென்று உடையும் இல்லையா? பிளேட்டுக்கும் அதேதான். எலும்பு முதலில் சேருமா, உலோகம் முதலில் களைக்குமா என்று உள்ளே ஒரு போட்டியே நடக்கிறது. நாய் ஓடினால், குதித்தால், படி ஏறினால் உலோகம் சீக்கிரம் களைத்துவிடும். பிளேட் வளைந்தாலோ, ஸ்குரூ பிடுங்கிக்கொண்டாலோ மறுபடி ஆபரேஷன்தான். இரண்டாவது முறை முதல் முறையைவிடக் கஷ்டம், செலவும் கூட.

அதனால் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "சரி" என்று சொல்லும் வரை, நாய் எவ்வளவு நன்றாக நடந்தாலும் நம்ப வேண்டாம். இந்த எக்ஸ்ரேயை வழக்கமாக 6 முதல் 8 வாரத்தில் எடுப்பார்கள்.

எங்கே படுக்க வைப்பது?

பெரிய நாய்க்கான கூண்டு விலை அதிகம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அறையின் ஒரு மூலையில் கட்டிலையோ பெஞ்சையோ குறுக்கே போட்டு அடைத்துவிடலாம். நாய் எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும். ஓட முடியக் கூடாது. அவ்வளவு இடம் போதும்.

தார்சாவில் கிரில் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டுவதுதான் பல வீடுகளில் வழக்கம். ஆபரேஷன் ஆன நாய்க்கு இது சரிப்படாது. சங்கிலி காலில் சுற்றிக்கொள்ளும். போதாக்குறைக்கு காலையில் பால்காரர், பிறகு பேப்பர், அப்புறம் தெருநாய் என ஒவ்வொன்றுக்கும் எழுந்து பாயும். முடிந்தவரை தெரு தெரியாத அறையில் வையுங்கள். வேறு இடமில்லை என்றால், கேட்டின் கீழ்ப்பாதியைப் பழைய பெட்ஷீட்டால் மறைத்தாலே குரைப்பது பாதியாகக் குறையும். டவுன் ரத வீதிகளை ஒட்டி இருப்பவர்கள், ஆனித் தேரோட்டம் நடக்கும் நாட்களில் மேளச் சத்தம் கேட்காத உள் அறைக்கு மாற்றிவிடுவது நல்லது. தீபாவளி வெடிக்கும் இதேதான்.

அடுத்து தரை. டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாமே வழுக்கும். மூன்று காலில் நிற்கும் நாய் வழுக்கி விழுந்தால், ஆபரேஷன் ஆன கால்தான் முதலில் அடி வாங்கும். பத்தமடைப் பாய் வீட்டில் இருக்கிறதே என்று விரிக்க வேண்டாம். கோரைப்பாய் டைல்ஸ் மேல் தானே நகரும். ரப்பர் மேட் நல்லது. கிடைக்காவிட்டால், சுத்தமாகத் துவைத்த சணல் சாக்கை ஓரங்களில் கனமான பொருள் வைத்து நகராதபடி விரிக்கலாம். படுக்கையில் இருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், வாசல் வரைக்கும் இப்படி ஒரு பாதை வேண்டும்.

படுக்கைக்கு குறைந்தது மூன்று, நான்கு அங்குலத் தடிமனில் மெத்தை தேவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு இது ரொம்ப முக்கியம். இவற்றின் உடம்பில் கொழுப்பு குறைவு, தோலும் மெலிது. முழங்கை, இடுப்பு எலும்பெல்லாம் நேராகத் தரையில் அழுந்தி, சில நாட்களிலேயே படுக்கைப் புண் வந்துவிடும். எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் நாயை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

தூக்குவது, நடத்துவது எப்படி?

தனி ஆளாகத் தூக்க வேண்டாம். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கை மார்புக்கு அடியில், இன்னொருவர் கை இடுப்புக்குப் பின்னால். முன்னங்கால்களைப் பிடித்து இழுப்பது கூடவே கூடாது. கார், ஆட்டோ, குட்டியானை எதில் கூட்டி வந்தாலும், நாய் தானாகக் குதித்து இறங்கவிடாதீர்கள். கதவைத் திறந்த உடனேயே குதிக்கப் பார்க்கும். அதற்கு முன்பே ஒருவர் கழுத்துப் பட்டையைப் பிடித்திருக்க வேண்டும்.

சிறுநீர், மலம் கழிக்க ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போதும். கழுத்துப் பட்டையில் குட்டையான கயிறு இருக்கட்டும். பின்னங்காலில் ஆபரேஷன் என்றால், ஒரு பெரிய குளியல் துண்டை வயிற்றின் பின்பகுதிக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடத்தலாம். ஆண் நாய் என்றால் துண்டைச் சற்று முன்னால் தள்ளிப் பிடிக்கவும். இல்லாவிட்டால் சிறுநீர் போகும் இடத்தை அது மறைத்துவிடும். நாயும் அடக்கிக்கொண்டு நிற்கும்.

நாய்க்கு வலிக்கும்போது வளர்த்தவரையே கடிக்கலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை, வலிதான் காரணம். வெள்ளை ராஜபாளையம் நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தூங்கும்போது பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். முன்பக்கமாகப் போய், தரையைத் தட்டி எழுப்பிவிட்டுத் தொடுங்கள். குழந்தைகளை இந்த இரண்டு மாதமும் தள்ளியே வைக்கவும். கடித்துவிட்டால், எவ்வளவு சிறிய காயமானாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காயமும் கட்டும்

தையல் பிரிக்க பொதுவாக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கழுத்தில் கூம்பு மாதிரி மாட்டும் காலர் ராத்திரி, பகல் எப்போதும் இருக்க வேண்டும். "பாவம், தூங்கும்போது மட்டும் கழட்டி வைப்போம்" என்று நினைக்கும் அந்த ஒரு ராத்திரியில்தான் நாய் தையல் முழுவதையும் கடித்துப் பிரித்துவிடும். நாய் நக்கினால் புண் ஆறும் என்பது தப்பான நம்பிக்கை. எச்சிலில் உள்ள கிருமிகள் பிளேட் வரைக்கும் போகும். காலருடன் குனிந்து குடிக்க முடியாமல் நாய் தவிக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு மணை மேலோ சின்ன ஸ்டூல் மேலோ உயர்த்தி வையுங்கள்.

நம்ம பக்கத்தில் இதைவிடப் பெரிய எதிரி ஈ. ஈரமான புண்ணில் ஈ முட்டையிட்டால், ஒரு நாளுக்குள்ளேயே புழு பொரிந்துவிடும். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும், கொசுவலை இருந்தால் இன்னும் நல்லது. மஞ்சள், வேப்பெண்ணெய், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஆபரேஷன் புண்ணில் தடவ வேண்டாம். புழு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டு நனையக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கூட்டிப் போகும்போது மட்டும் பாதத்தில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை மாட்டி, வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் உள்ளே வியர்த்து, தோல் வெந்துபோகும்.

தினமும் இரண்டு முறை கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். விரல்கள் வீங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தாலோ, மற்ற பாதத்தைவிடச் சில்லென்று இருந்தாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். ரத்த ஓட்டம் நின்றால் ஓரிரு நாளிலேயே கால் அழுகி, காலையே எடுக்கும் நிலை வரும். ஆபரேஷனுக்குப் பதிலாக மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. கட்டில் இருந்து நாற்றம் வருவது, சீழ் கசிவது, நேற்று வரை ஊன்றிய காலை இன்று திடீரென்று தூக்கிக்கொள்வது, இவை எல்லாமே அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட அதிகம் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

மாத்திரை, சாப்பாடு

வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரை நாய்க்கு வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமாலையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையைச் சாப்பாட்டுடன் கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வலி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவருக்கு போன் செய்யுங்கள். ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நாளைக் குறைக்காமல் முழுவதும் கொடுக்க வேண்டும்.

எலும்பு சேர ஆட்டுக்கால் சூப் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சூப்பில் கால்சியம் நாம் நினைக்கும் அளவுக்கு இருக்காது. அதோடு அதில் போடும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கால்சியம் டானிக்கும் மருத்துவர் சொல்லாமல் தேவையில்லை. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கெடும்.

ஓட்டம் இல்லாத நாய்க்குப் பழைய அளவில் சாப்பாடு போட்டால் எடை ஏறும். ஏறும் ஒவ்வொரு கிலோவும் அந்த பிளேட் மேல்தான் விழும். சோற்றைக் குறைத்து, எலும்பில்லாத கோழிக்கறி, முட்டை போன்றவற்றைக் கூட்டலாம். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துண்டு அல்வா கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவு நெய் நாயின் கணையத்துக்கு ஆகாது. ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு, மூன்று நாள் மலம் போகாமல் இருப்பது சகஜம். அதற்கு மேல் போனால் சொல்லிவிடுங்கள்.

ஆற்றில் எப்போது விடலாம்?

குறுக்குத்துறை, பாபநாசம் பக்கம் நாயை ஆற்றில் குளிப்பாட்டிப் பழகியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தையல் பிரித்து, புண் முழுவதும் காயும் வரை எந்தத் தண்ணீரும் கூடாது. நகரப் பகுதியில் கழிவுநீர் கலக்கும் இடங்களில் அதற்குப் பிறகும் வேண்டாம். ஆனால் எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு, நீச்சல் ரொம்ப நல்ல பயிற்சி. உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் மெலிந்துபோன தொடைத் தசை காலில் பாரம் விழாமலே திரும்ப ஏறும். வழுக்குப் பாறை இல்லாத, ஓட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, கயிறு கையில் இருக்க ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் போகாதீர்கள்.

நிலத்தில் நடையையும் இப்படித்தான் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்ட வேண்டும். மொட்டைமாடிப் படி எல்லாவற்றுக்கும் கடைசி. முழங்கால் தசைநார் அறுந்து ஆபரேஷன் செய்த லாப்ரடார், ராட்வீலர் நாய்களில், அடுத்த காலிலும் அதே பிரச்சினை பின்னால் வருவது அடிக்கடி நடக்கிறது. அவற்றுக்கு எடையை எப்போதும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

உள்ளே வைத்த பிளேட்டை, கிருமித் தொற்றோ தளர்வோ வராவிட்டால், பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். எலும்புக்குள் செலுத்திய பின், வெளியே தெரியும் கம்பிச் சட்டம் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். எந்த வாரம் எடுப்பார்கள், அன்றைக்கு மயக்க மருந்துக்காக எத்தனை மணியில் இருந்து சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.