ஈப்போத் திடலும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஈப்போ நகரின் பழைய பகுதியில், செயிண்ட் மைக்கேல் கலாசாலைக்கு எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளியை அறியாத பேராக் வாசிகள் இரார். விக்டோரியா மகாராணியாரின் வைர விழா ஞாபகார்த்தமாக, 1898ஆம் ஆண்டில் இவ்வூர்ச் சீனப் பெருமக்கள் அமைத்துக் கொடுத்த திடல் அது. கல்லுமலைத் தைப்பூசத்திற்காகத் தோட்டங்களிலிருந்து வந்திறங்கும் நம்மவர், அதன் ஓரமாக நடந்து செல்கையில் ஒரு கணம் நின்று பார்ப்பதுண்டு. உள்ளே பிள்ளைகள் ஓடுவர், பந்து பறக்கும், ஊதுகுழல் கேட்கும். வெளியே நிற்கும் தோட்டத்துச் சிறுவனுக்கும் அத்திடலுக்கும் இடையே வேலியொன்றும் இல்லை. எனினும் அதனுட் புக அவனுக்கு இரண்டு தலைமுறைக் காலம் பிடித்தது. அவ்வரலாற்றையே ஈண்டு எழுத முற்பட்டோம்.

சாரணர் இயக்கம் யுத்தத்தில் கருக்கொண்டது என்பதை நேயர்கள் அறிவார்கள். தென்னாப்பிரிக்காவில் மேஃபெகிங் என்னும் ஊர் 1899 அக்டோபர் முதல் 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, அங்குள்ள சிறுவர்கள் தூது செல்லவும் காவல் பார்க்கவும் பயன்பட்டனர். அதனைக் கண்ட சேனைத் தலைவர் பேடன் பவல், 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரௌன்சீ என்னும் சிறு தீவில் இருபது சிறுவர்களைச் சேர்த்துக் கூடாரமடித்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது கூடாரத்தையன்று, அதனுள் இருந்தவர்களையே. அவர்களிற் பாதிப்பேர் பெரிய பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர் அக்கம்பக்கத்து ஊர்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இரு சாராரையும் கலந்து நான்கு அணிகளாக வகுத்தார். துரை மகனும் தொழிலாளி மகனும் ஒரே பானையிலுண்டனர். சாரணன் மற்றெல்லாச் சாரணருக்கும் சகோதரன் என்ற விதி ஏட்டில் ஏறுமுன்னரே, அத்தீவில் அது நடந்தேறிவிட்டது.

ஆனால் அவ்விதி கப்பலேறிக் கிழக்கே வந்தபோது, அதன் நிறம் சற்று மங்கிற்றென்றே சொல்ல வேண்டும். இந்தியாவில் 1909ஆம் ஆண்டில் தொடங்கிய சாரணர் படைகள் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியனவாயிருந்தன. சுதேசிச் சிறுவர்களுக்கு இப்பயிற்சி கொடுத்தால், பின்னாளில் அது அரசாங்கத்தையே எதிர்க்கப் பயன்படுமோ என்பது ஆள்வோரின் அச்சம். சகோதரத்துவத்தைப் போதிக்கும் இயக்கத்திற்கே சாதி வகுத்துவிட்டார்கள்! இதற்கு விடையாக நம் சென்னை மாநகரில் 1916ஆம் ஆண்டில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டனர். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர் அச்சங்கத்துப் பிள்ளைகள். 1921ஆம் ஆண்டில் பேடன் பவல் நேரில் வந்து கண்ட பின்னரே வாசல் திறந்தது. அதன் பின்னும் பல சங்கங்கள் பிரிந்தும் கூடியும் நின்று, சுதந்திரத்திற்குப் பின் 1950 நவம்பரில்தான் பாரத சாரணர் சங்கமாக ஒன்றாயின.

நம் மலாயாக் கதையும் ஏறக்குறைய இதுவே. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த பிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் என்பார் 1910 ஜூலையில் சிங்கப்பூரில் சாரணர் படையைத் தொடங்கினார். முதற்கண் அது பெரிதும் வெள்ளையர் பிள்ளைகளின் பொழுதுபோக்காயிருந்தது. முதல் உலக யுத்தத்திற்குப் பின்னரே மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகளிடம் அது பரவலாயிற்று. பரவிய வழி யாது? ஆங்கிலப் பள்ளி என்னும் ஒரே வழி. ஈப்போவில் மெதடிஸ்ட் பாதிரியார் ஹோர்லி 1895இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளி, 1909இல் அரசாங்கம் திறந்த ஆண்டர்சன் பள்ளி, 1912இல் எழுந்த செயிண்ட் மைக்கேல் ஆகிய மூன்றுமே நகரத்து ஆண் பிள்ளைகளின் கண்களுக்குக் கோட்டைகளாக விளங்கின. திடல், உடற்பயிற்சி ஆசிரியர், காக்கி உடுப்பு, கழுத்துத் துணி, ஆண்டுக்கொருமுறை ஓட்டப் பந்தயம், வெள்ளிக் கிண்ணம் எல்லாம் அங்கேயிருந்தன. பள்ளிச் சம்பளம் கட்ட வல்லவருக்கு அவை கிட்டின. அவ்வாறு கட்ட வல்ல தமிழர் யாவர்? ரயில்வேயிலும் பொதுமராமத்து இலாகாவிலும் எழுத்து வேலை பார்த்தோர், கடைக்காரர், யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர், தோட்டங்களில் என்னைப் போன்ற கிராணிமார். அவ்வளவே.

இனித் தோட்டத்தைப் பார்ப்போம். ஐக்கிய மலாய் நாடுகளின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேருக்கு மேற்பட்ட தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளி வைத்தார்கள், எவ்விடத்தில், எவ்விதத்தில் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. ஒரே உபாத்தியாயர், ஓர் அறை, சில இடங்களில் அதுவுமின்றிக் கோயில் தாழ்வாரம். விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய் தந்தையரின் பின்னே சென்று, கட்டிப்பால் பொறுக்கிவிட்டு வந்த பிள்ளை, கண்ணயர்ந்தவாறே அரிச்சுவடி படித்தது. விளையாட்டு இல்லாமலில்லை. சடுகுடுவும் சிலம்பமும் நம் இரத்தத்தில் ஊறியவை. சில தோட்டங்களில் துரைமார் பந்து வாங்கிக் கொடுத்ததுமுண்டு. ஆனால் அவ்விளையாட்டு எந்தப் புத்தகத்திலும் பதியப்படவில்லை. எந்தக் கிண்ணத்திலும் பெயர் வெட்டப்படவில்லை. கள்ளுக்கடைக்கு நல்ல இடம் தேடித் தந்த நிர்வாகங்கள், பிள்ளைகள் ஓடும் நிலத்தை மட்டும் மரம் நட மிஞ்சிய மேட்டில் ஒதுக்கின.

மற்றொன்றும் சொல்லாமல் விடலாகாது. பல தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. இன்னார் வீட்டில் இன்னார் தண்ணீர் குடியார் என்ற வழக்கத்தைக் கடல் கடந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். இதற்கு எந்த வெள்ளையனையும் நாம் குறைகூற முடியாது. சாரணர் கூடாரத்திலோ விறகு பொறுக்குவோன் ஒருவன், அரிசி களைவோன் ஒருவன், பானை கழுவுவோன் ஒருவன். நாளைக்கு முறை மாறும். சீனப் பிள்ளை ஆக்கியதைத் தமிழ்ப் பிள்ளை உண்ணும். அதைச் செய்தவன் எச்சாதி என்று கேட்க அங்கே பாட்டிமார் இல்லை. ஆயிரம் மேடைப் பிரசங்கங்கள் செய்யாததை ஓர் இரவுச் சோற்றுப் பானை செய்துவிடும் என்பது எமது அபிப்பிராயம். எந்தப் பிள்ளைகளுக்கு இப்பானை மிகவும் வேண்டியிருந்ததோ, அவர்களுக்கே அது எட்டாதிருந்தது.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தனர். திடலில் விளையாட்டுக் குழல் ஓய்ந்தது. தோட்டத்து ஆண்கள் பதினாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். யுத்தம் ஓய்ந்து பள்ளிகள் திறந்த சில ஆண்டுகளிலேயே, 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில், காட்டோரம் கூடாரமடித்துத் தங்குவது விளையாட்டுக் காரியமன்று.

அதற்குப் பின்னரே நம் பிள்ளைகளின் பெயர்கள் பந்தயப் பட்டியல்களில் மிகுதியாகக் காணப்படலாயின. பேராக்கின் கோலகங்சாரில் 1943இல் பிறந்த மணி ஜெகதீசன், 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடியது, 2017 வரை மலேசியாவின் சாதனையாக நின்றது. அவர் மருத்துவரும் ஆவார். ஓடினால் படிப்புக் கெடும் என்று பிள்ளையை அதட்டும் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டத்திற்குப் பெரும் செலவில்லை. மைதானமும், நேரமும், கற்றுக்கொடுக்க ஒருவரும் இருந்தாற் போதும். இம்மூன்றில் தோட்டத்தில் எப்போதும் இல்லாதது எது என்று கேட்டால், நான் நேரமே என்பேன்.

என் சொந்த அநுபவம் ஒன்று. நானும் லயத்தில் வளர்ந்து நகரத்துப் பள்ளிக்குச் சென்றவன். சாரணர் கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. எங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் இரண்டு மணிக்கு. அதைவிட்டால் ஏழு மைல் நடை. ஆறு மாதத்தில் நான்கு கூட்டங்களுக்கே சென்றேன். ஆஜர்ப் பட்டியலில் என் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்புக் கோடுகள். சோம்பேறி என்று எழுதியிருந்தார் பொறுப்பாளர். பஸ் நேரத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்கம். முடிச்சுப் போடுவதை ஒரு சீன நண்பன், இடைவேளையில், தன் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கற்றுக்கொடுத்தான். இரு கயிறுகளைச் சேர்க்கும் அந்த முடிச்சை இன்றும் சம்பளப் பட்டியல் கட்டுகளுக்குப் போட்டு வருகிறேன்.

இது பழங்கதையாகப் போயிருந்தால் எழுத வேண்டியதில்லை. இன்று ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. லயங்கள் காலியாகி, நம்மவர் நகரோரங்களிற் குடியேறினர். ஆனால் மிஞ்சிய தோட்டங்களில் அந்த இரண்டு மணி பஸ்ஸும் இல்லை. இக்காலத்தில் இடைநிலைப் பள்ளி மாணவன் ஒவ்வொருவனும் சீருடைக் குழு ஒன்றிலும் சங்கம் ஒன்றிலும் விளையாட்டு ஒன்றிலும் சேரவேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்குப் பத்துப் புள்ளிகள் இப்புறப்பாட நடவடிக்கைகளுக்கே உரியன. பாட நூலைத் தோட்டத்து விளக்கொளியில் படித்துத் தொண்ணூற்றில் நல்ல பங்கைப் பெறும் பிள்ளை, அந்தப் பத்தில் தோற்கின்றான். மருத்துவப் படிப்புக்கு ஓரிரு புள்ளிகளே தடையாகும் இடத்தில் இது சிறு விஷயமன்று. நம் சங்கங்கள் பரிசளிப்பு விழாவுக்கு மாலையும் பொன்னாடையும் வாங்குவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை, சனிக்கிழமை காலை ஒரு வேனுக்கு எண்ணெய் போடக் காட்டினால் என்ன?

சென்ற ஆண்டு, எமது தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரைப் பெங்காகாப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல நிர்வாகத்தின் லாரியைக் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். மூன்றாம் முறை எழுதியபின் அநுமதி வந்தது. வாகனக் குறிப்பேட்டில் பயண நோக்கம் என்ற கட்டம் ஒன்றுண்டு. அதில் உரம், எண்ணெய், ஆஸ்பத்திரி என்றே நான் எழுதி வந்திருக்கிறேன். அன்று காலை ஆறரை மணிக்கு லாரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டிவிட்டு, சாரணர் கூட்டம், நால்வர், போக வர என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.