காவிரி நாட்டில் கால் நோவும் வைத்தியமும்

நடவுக் காலத்தில் தஞ்சைத் தரணியைக் கண்டவர்கள் பசுமையை வியப்பார்கள்; சேற்றுக்குள் மறைந்திருக்கும் கால்களை எண்ணுவோர் சிலரே. புதைந்த காலைச் சேற்றிலிருந்து இழுத்து இழுத்து எடுப்பவர்க்கும், வழுக்கும் வரப்பில் நெற்கட்டு சுமந்து செல்பவர்க்கும் தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை இழுத்துக்கொள்வது புதிதன்று. இந்நோவை நம்மவர் எவ்வாறு ஆற்றி வந்தனர் என்பதை இன்று சிறிது காண்போம்.

சித்த மருத்துவர்கள் வாத நோய்களை எண்பது என்று வகுத்தனர். தசையையும் நரம்பையும் பற்றிய பிணிகளுக்குத் தைலமும் ஒற்றடமும் பற்றும் கூறினர். கையால் செய்யும் சிகிச்சைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அது ஒன்பது வகைப்படும். வீடுகளிலோ, நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுப்பதும், புளியையும் உப்பையும் காய்ச்சிப் பற்றிடுவதும் வழக்கம்.

சோழர் காலத்தில் மருத்துவம் அறமாகவும் வளர்ந்தது. இராசராசனின் தமக்கையாராகிய குந்தவையார், தம் தந்தை சுந்தரசோழன் பெயரால் தஞ்சையில் ஆதுலர்சாலை அமைத்து, அதற்கு நிலமும் அளித்தார். தொண்டை நாட்டுத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரனின் கல்வெட்டு, 1068ஆம் ஆண்டளவில் எழுந்தது. அங்கே கல்விச்சாலையும், அதனையடுத்துப் பதினைந்து படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையும் இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வகுக்கப்பட்டன. சேமித்து வைத்த மருந்துகளின் பட்டியலில் ஆமணக்கின் பெயர் தாங்கிய தைலங்களும் உள்ளன. ஆமணக்கெண்ணெய் வாத வலிக்கு இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருவது.

பின்னர், 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகாலை நிறுவினார். நாட்டு வைத்தியரும் மேனாட்டு மருத்துவமும் அங்கே ஒருங்கு சேர்ந்தனர். மருந்துகளை ஆய்ந்து முறைகளை எழுதி வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அவ்வழிவந்த நூல்களைச் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டுள்ளது.

இன்றைய மருத்துவம் கூறுவதென்ன? தசை இழுபடுகையில் அதன் இழைகள் சில அறுகின்றன. உள்ளே குருதி கசிந்து வீங்குகிறது. ஆதலால் முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடு காட்டுவதும் அழுத்தித் தேய்ப்பதும் தீங்கு. 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என நான்கையும் ஒரு முறையாக வகுத்தார். 2014இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைவதைத் தாமதப்படுத்தலாம் என்று தம் கருத்தைத் திருத்தினார். வலி தணியத் தணிய மெல்ல அசைத்து, சிறுகச் சிறுகப் பளு ஏற்றுவதே தசைக்கு மீண்டும் வலுவூட்டும். ஒற்றடமும் இதமான பிடித்தலும் அதன் பின்னரே பொருந்தும். கால் ஊன்ற இயலாவிட்டாலும், மரத்துப்போனாலும் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். எந்த முறையிலும் முதல் மருந்து சில நாள் ஓய்வே. விளையாட்டுத் திடலில் காலைப் பிடித்துக்கொண்டவனுக்கு அது எளிதில் கிடைக்கும். நாட்கூலியை நம்பி வயலில் இறங்குபவருக்கோ, ஓய்வென்பது அன்றைய சோறு. படுக்கையோடு சோற்றுக்கும் நெல் வகுத்த பழைய அறத்தின் பெருமை இங்கேதான் விளங்குகிறது.