நரம்பு: ஒரு சொல்லின் உடற்கூற்று வரலாறு

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளைத்து, உணர்வையும் இயக்கக் கட்டளையையும் கடத்தும் இழைக்கற்றையே இன்றைய மருத்துவ நூல்களில் 'நரம்பு' எனப்படுகின்றது. பேச்சு வழக்கிலோ அச்சொல் குருதிக் குழாயையும் தசைநாணையும் உடன்சேர்த்தே சுட்டுகின்றது. இதனை மக்களின் அறியாமை என்று தள்ளுவோர் உளர். சொல்லின் வரலாற்றை நோக்கின், மக்கள் வழக்கே பழையது என்பதும், நூல் வழக்கு அதன் ஒரு பகுதியை மட்டும் வேலியிட்டுப் பிரித்துக்கொண்டது என்பதும் புலனாகும்.

சங்க இலக்கியத்தில் நரம்பு பெரிதும் யாழுக்கு உரியது. தொல்காப்பிய நூன்மரபிலும் இசைநூலைச் சுட்டும் இடத்திலேயே இச்சொல் பயில்கின்றது. உடல்சார்ந்த வழக்கும் அக்காலத்திலேயே நிலவியது. புறநானூற்று 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதியவள் ஒருத்தியின் தோளில் மேலெழுந்து தோன்றும் நரம்பைக் கூறுகின்றார். தோலின்கீழ்ப் புடைத்துத் தெரிவது குருதி நாளமாகவோ தசைநாணாகவோ இருத்தல் கூடும். இன்றைய பொருளில் நரம்பாக இருத்தல் அரிது. இழுத்துக் கட்டிய கயிறு போன்றது எதுவோ அதுவே நரம்பு என்பதுதான் அன்றைய பொருட்பரப்பு.

இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. கிரேக்க மொழியின் 'நியூரோன்' என்னும் சொல்லும் முதற்கண் தசைநாண், வில்லின் நாண், யாழ்த்தந்தி ஆகியவற்றையே குறித்தது. இலத்தீனின் 'நெர்வுஸ்' என்பதும் அவ்வாறே. வெட்டிப் பார்க்கும் கண்ணுக்குத் தசைநாணும் நரம்பும் வெண்ணிற வடங்களாகவே தோன்றும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் ஹிரோஃபிலசும் எராசிஸ்திராட்டசும் உடல்களை அறுத்து ஆய்ந்து நரம்பைத் தனித்துக் காட்டிய பின்னரே அச்சொல்லின் பொருள் குறுகத் தொடங்கிற்று. இந்திக் கலைச்சொல்லாகிய 'தந்திரிகா' என்பதனுள்ளும் வீணையின் தந்தி ஒலிப்பதைக் காணலாம்.

தமிழில் மேலை உடற்கூற்றியலை விரிவாக எழுதும் பணி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1850இல் ஜெர்மனியில் எல்மோல்ட்ஸ் தவளையின் நரம்பில் தூண்டல் நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் விரைவில் செல்வதை அளந்தார் என்பதை நோக்கின், கிறீன் கற்பித்தது எத்துணைப் புதிய அறிவியல் என்பது விளங்கும். 1864இல் அவர் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். அவரும் அவர்தம் மாணவரும் ஆக்கிய நூல்களுள் கட்டர் என்பாரின் நூலைத் தழுவிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' (1857), கிறேயின் பெருநூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' (1872), டால்ற்றனின் நூலைத் தழுவிய 'மனுஷ சுகரணம்' (1883) ஆகியன நம் பொருளுக்கு நெருங்கியவை. அங்காதிபாதம் உடற்கூற்றையும், சுகரணம் உடற்றொழிலையும், உற்பாலனம் நலவழியையும் குறித்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இம்மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை.

கிறீன் கைக்கொண்ட முறை எளியது: தமிழில் சொல் உண்டா என முதலில் தேடுதல், இல்லையேல் வடமொழியிலிருந்து கொள்ளுதல், அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தல். (வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டது மூன்றாம் வழியின் விளைவு.) தூய்மை பற்றிய வாதங்களில் காலங்கழிக்காமல் வகுப்பறைத் தேவைக்கு ஈடுகொடுத்த இம்முறையை இன்றும் குறைகூற இயலாது. ஆயினும் அவர் மறைந்த பின்னரே நரம்பியலின் அடிப்படைச் சொற்கள் பல பிறந்தன. நரம்பு மண்டலத்தின் அலகாகிய உயிரணுவுக்கு வால்டயர் 'நியூரான்' எனப் பெயரிட்டது 1891இல். அணுக்கள் சந்திக்கும் இடத்திற்குச் 'சினாப்சிஸ்' என்னும் பெயர் 1897இல் வந்தது. அப்போது மானிப்பாயின் முயற்சியைத் தொடர்வார் இலர். 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது.

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம் மீண்டும் எழுந்தபோது அது இரு கரைகளிலும் தனித்தனியே நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் பெருமூளை, சிறுமூளை, முகுளம், தண்டுவடம் என வழங்குபவை இலங்கையில் மூளையம், மூளி, நீள்வளையமையவிழையம், முண்ணாண் என அமைந்தன. மண்டலம் அங்கே தொகுதி. தமனியும் சிரையும் அங்கே நாடியும் நாளமும். 'மூளி' என்னும் சொல் தமிழ்நாட்டுச் செவிக்கு வசையாகவே ஒலிக்கும். ஆனால் 'அனிச்சைச் செயல்' என்பதினும் இலங்கையின் 'தெறிவினை' திட்பமானது என்பதே எம் கருத்து. இச்சையின்றி நிகழ்வன பல; இதயத்துடிப்பும் அத்தகையதே. சுடுபொருளைத் தொட்ட கை தண்டுவடத்தின் வழியே உடனே பின்வாங்கும் அந்த ஒரு செயலைத் 'தெறிவினை' மட்டுமே காட்டுகின்றது.

நூலோர் இவ்வாறு சுற்றியிருந்த உறுப்புகளுக்குத் தனிப்பெயர் இட்டனரேயன்றி, 'நரம்பு' என்னும் சொல்லைப் பேச்சில் குறுக்க இயலவில்லை. இதன் விளைவைத் தமிழகத்திற்கு வெளியே தெளிவாகக் காணலாம். நவி மும்பையின் நெருளிலோ, மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலோ வாழும் தமிழ் முதியவர் ஒருவர் மருத்துவரிடம் கூறுவதை உறவினரோ அண்டைவீட்டாரோ இந்தியிலோ மராத்தியிலோ பெயர்த்துரைப்பர். 'நரம்பு' உடனே 'நஸ்' ஆகிவிடும். அச்சொல்லும் நாளம், தசைநாண், நரம்பு மூன்றையும் குறிப்பதாகலின், பெயர்ப்பு சரியாகவே இருக்கும். ஐயம் மட்டும் தீராது மருத்துவரைச் சென்றடையும். ஆங்கிலத்தில் பெயர்ப்பவருக்கோ மூன்றனுள் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். காலில் நரம்பு சுருண்டது என்பவர் சிரையையும், நரம்பில் ஊசி போட்டனர் என்பவரும் சிரையையும், நரம்பு பிசகியது என்பவர் பெரும்பாலும் தசைநாரையும் கருதுகின்றனர். 'நரம்புத் தளர்ச்சி' நடுக்கம் முதல் பொதுவான சோர்வு வரை எதுவுமாகலாம். விளம்பரங்கள் அதற்கு ஏற்றிய பொருள் வேறு. புடைத்துள்ளதா, இழுக்கின்றதா, மரத்துப்போயிற்றா என்னும் வினாக்களை எழுப்பாமல் இங்குச் சொல் தேர்வு இயலாது.

பழைய ஆவணங்களைப் பெயர்ப்போர்க்கு இன்னொன்று உண்டு. 'நரம்புச் சிலந்தி' என்பது நரம்பு நோயன்று. அசுத்தமான குடிநீர்வழிப் புகுந்து, ஒரு மீட்டர் வரை வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவரும் புழுவினால் உண்டாவது. இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு அமைப்பு 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது. புழுவை உடலின் இழையாகக் கண்டதும் தமிழர் மட்டும் அல்லர். அரபு மருத்துவர் அதனை 'மதீனாவின் நாளம்' என்றே அழைத்தனர்.