பேருந்தும் பதில் அட்டையும்

அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு. படுக்கை எண்ணிக்கையைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். இரண்டின் தொடக்கத்திலும் ஒரு நோயின் வலி இருப்பதை அப்படி ஒதுக்க முடியவில்லை. அடையாறு நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி முடக்குவாதத்தால் ராணுவ மருத்துவப் பணியை விட்டவர். கோணிப்போன விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர். ஒருவருக்குத் துயரம் வீட்டில் இருந்தது, மற்றவருக்குக் கையிலேயே இருந்தது.

இரண்டையும் வளர்த்ததில் குடும்பத்துக்குப் பங்குண்டு. அடையாற்றில் தாயின் கனவை மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஏற்றார். மதுரையில் தம்பி, தங்கை, தங்கையின் கணவர் என்று வீடே திரண்டது. பொதுக் காரியத்தில் சொந்தபந்தம் நுழைந்தால் நாம் முகம் சுளிப்பது வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. இங்கே உறவு என்பது குறைந்த சம்பளத்துக்குக் கூடுதல் வேலை பார்ப்பதற்கான உரிமையாக இருந்திருக்கிறது. அடையாற்றுக்கு 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா ரத்த உறவு இல்லாதவர். ஆனால் அரசு வேலையை விட்டுவிட்டு வந்து, நிலைய வளாகத்திலேயே குடியிருந்து, 2021-இல் மறையும்வரை அதை விட்டு அகலாதவர் அவர்தான். அவரும் மணம் செய்துகொள்ளவில்லை, வெங்கடசாமியும் செய்துகொள்ளவில்லை.

பணம் என்று வரும்போது பாதை பிரிகிறது. அரவிந்தில் இலவசமா, கட்டணமா என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். வருமானச் சான்றிதழைக் காட்டு என்று எவரும் கேட்பதில்லை. கட்டணம் செலுத்துவோரால் வரும் மிச்சம் இலவசப் பிரிவைத் தாங்குகிறது. கண்புரை அறுவை இதற்கு இடம் கொடுக்கிறது: சில நிமிட வேலை, பெரும்பாலும் ஒரே முறை, எல்லாக் கண்ணிலும் ஏறக்குறைய அதே படிகள். ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் மருத்துவர் அறுவை செய்கையில், மற்றதில் அடுத்தவரைச் செவிலிப் பெண்கள் தயார் செய்துவிடுவார்கள். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்தப் பெண்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கிச் செயற்கை லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்ததும், இறக்குமதி விலை அச்சுறுத்துவதும் நின்றது.

இந்தக் கணக்கை அடையாற்றுக்குப் பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் மறுபரிசோதனை. ஒரு நோயாளியைப் போல் இன்னொருவர் இல்லை. வசதியுள்ளவரிடம் வாங்குவதால் மட்டும் மற்றவர் செலவை ஈடுகட்ட முடியாது. எனவே நன்கொடையும் அரசு உதவியும் இல்லாமல் அந்த நிலையம் நடக்காது. மேலாண்மைப் பள்ளிகள் அரவிந்தைப் பாடமாக வைத்துக் கொண்டாடும் அளவுக்கு அடையாற்றைக் கொண்டாடுவதில்லை. அது சற்று அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கொடைகளின் வடிவத்தையும் நிர்ணயித்தது நிர்வாகத் திறமை மட்டுமல்ல, அவை எதிர்கொண்ட நோயும்தான்.

இத்தனை வேறுபாட்டுக்கு நடுவில், நான் எதிர்பாராத ஓர் ஒற்றுமை தட்டுப்பட்டது. இலவசம் என்று அறிவித்துவிட்டால் நோயாளி வந்துவிடுவார் என்ற நம்பிக்கையை இரு நிறுவனங்களும் இழந்திருக்கின்றன. தான் நடத்திய கண் பரிசோதனை முகாம்களில் புரை இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் பலர் அறுவைக்கு வராமல் நின்றுவிடுவதை அரவிந்த் கண்டது. பேருந்துச் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் நாள்கூலி ஆகியவை இலவச அறுவையையும் எட்டாததாக்கின. ஆகவே பேருந்து, உணவு, லென்ஸ், திரும்பக் கொண்டுபோய் விடுதல் எல்லாம் அறுவையோடு சேர்ந்தன. ஊர்க்காரர்கள் கூட்டமாகவே போய்வந்ததில் பயமும் பாதி குறைந்தது.

அடையாற்றின் சிக்கல் இதன் மறுபக்கம். அங்கே வரவழைத்தால் மட்டும் போதாது, திரும்பத் திரும்ப வரவழைக்க வேண்டும். சிகிச்சை முடிந்து ஊர் போனவர் பிழைத்திருக்கிறாரா என்று தெரியாவிட்டால் சிகிச்சை பலித்ததா என்பதே தெரியாது. நிலையம் நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காகப் பதில் அஞ்சலட்டைகள் வீடுகளுக்குப் போயின. பதில் வராத வீட்டுக்கு ஆளே போனார். கருணை இல்லத்தைவிடக் கணக்கர் அலுவலகத்துக்குப் பொருத்தமான வேலை என்று தோன்றும். அந்த அட்டைகளிலிருந்துதான், இன்ன புற்று வந்த இத்தனை பேர் இத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்று நம் மண்ணின் கணக்கைச் சொல்ல முடிந்தது. அறுவைக்குப் பின் எந்தக் கண்ணில் என்ன கோளாறு வந்தது என்று அரவிந்த் விடாமல் எழுதிவைப்பதும் இதே குணம்தான்.

தங்களிடம் உள்ளதை வெளியே கொடுத்த விதத்தில் இரு நிறுவனங்களும் மறுபடியும் பிரிகின்றன. அரவிந்த் முறையையே கொடுத்தது. மதுரையில் உள்ள அதன் லைகோ நிறுவனத்துக்கு உள்நாட்டு, வெளிநாட்டுக் கண் மருத்துவமனைகள் வந்து, மேசை அமைப்பதிலிருந்து முகாம் நடத்துவதுவரை கற்றுப்போகின்றன. அடையாற்றின் முறை அப்படிப் பிரித்தெடுத்துக் கொடுக்கக்கூடியது அல்ல. அது ஆட்களைக் கொடுத்தது. 1984-இல் நாட்டிலேயே முதலாகப் புற்றுநோய்க்கான உயர்சிறப்புப் படிப்புகளைத் தொடங்கி, மருத்துவர்களை உருவாக்கிப் பிற ஊர் மருத்துவமனைகளுக்கு அனுப்பியது.